நாலு லயத்து ரொட்டி பாய்

ரஸ்னாவின் பிறந்தநாள் எதுவென்று அவளுடைய அத்தாவுக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. ஐந்து பிள்ளைகளில் யாரைக் கூப்பிட நினைத்தாலும் முதலில் இரண்டு பெயர் தப்பாக வரும், மூன்றாவதுதான் சரியான ஆளுக்கு வந்து சேரும். "முஸ்அப்... ச்சே, நீ இல்ல... அட, ஒன்னத்தான் புள்ள, இங்க வா" என்பார். பள்ளிக்கூடத்தில் அவள் எந்த வகுப்பு என்று ஆசிரியர் கேட்டபோது, அவர் ஒரு வருஷம் கூட்டிச் சொன்னார். அந்த மனுஷருடைய ஞாபகசக்திக்கு ஒருநாள் நாற்பத்து மூன்று குடும்பங்கள் நன்றி சொல்லும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் ரஸ்னா சிரித்திருப்பாள்.

சென்ற ஆண்டு, எண்பத்திரண்டாவது வயதில் அத்தா ஷரபுதீன் மௌத்தாகி, அடக்கத்துக்கு ஆட்கள் கூடியபோது, ஈப்போவின் குனோங் ராபாட்டில் அவர்கள் வீடிருந்த சந்துக்குள் கார் நுழைய வழியில்லை. இரண்டு பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் இந்துக்கள், நெற்றியில் திருநீற்றோடு. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உன் அப்பா தேர்தலில் நின்றவரா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை அங்கிள். ரொட்டி விற்றவர்" என்றாள் ரஸ்னா.

பதினான்கு வயதில் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். ஈப்போவில் மாமன் நடத்திய சாப்பாட்டுக் கடையில் ஐந்து வருஷம் தட்டுக் கழுவினார். பிறகு ஒரு சீனர் ரொட்டிக் கடையில் சைக்கிளில் சரக்கெடுத்து, ரப்பர் தோட்டங்களுக்குள் விற்கப் போனார். முதல் நாள் பாதி ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ரொட்டிக்கு ஒருநாள்தான் ஆயுசு. எந்த வீட்டுக்கு எத்தனை என்று கிளம்பும்போதே உனக்குத் தெரியவேண்டும்" என்றாராம் கடைக்காரர். அதை ஷரபுதீன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் கண்ணாடி வைத்த தகரப்பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். ஒரு மாதத்தில் மழை, வெயில், வெள்ளிக்கிழமைத் தொழுகை எல்லாம் போக இருபத்தைந்து நாளாவது அவர் சாலையில் இருந்தார். ஒன்றல்ல இரண்டல்ல, நாற்பத்தெட்டு வருஷம்.

அவர் போன தோட்டங்களில் அவர் மனசுக்கு நெருக்கமானது சுங்கை கெலுபி. ஈப்போவுக்கு வடக்கே முக்கால் மணி நேர ஓட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளாக நாலு லயம், லயத்துக்குப் பன்னிரண்டு வீடு. பிற்பகல் மூன்று மணிக்குப் பால்மரம் வெட்டியவர்கள் குளித்து முடித்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஹாரன் சத்தம் கேட்கும். ரொட்டியோடு டவுனிலிருந்து மருந்து போகும், பழுது பார்த்த மூக்குக் கண்ணாடி போகும், அடுத்த தோட்டத்து மாப்பிள்ளையைப் பற்றிய விசாரிப்பு போகும். வீட்டுக்கு அவர் திரும்பும்போது எட்டு மணியாகிவிடும். சாப்பிட்ட கையோடு கண் சொருகிவிடும்.

"ஒங்க அத்தாவுக்கு ரெண்டு குடும்பம்லா" என்பாள் அம்மா பதுருன்னிசா. "ஒன்னு நாம. இன்னொன்னு அந்த நாலு லயம். அவங்களுக்கு ஆளு, நமக்கு அவரோட கொறட்ட."

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ரஸ்னாவுக்கு அதில் சிரிக்க எதுவும் இருந்ததில்லை.

தொண்ணூற்றேழில் தோட்டம் கைமாறியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, லயங்களில் இப்போது குடியிருப்பவர்களுக்கு இதே மண்ணில் வீடு கட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கொடுத்த ஆறாவது மாதம் வெளியேறச் சொல்லி ஓலை வந்தது. லயங்களை இடித்தார்கள், செம்பனை நட்டார்கள். ஜனங்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். ஷரபுதீன் அதன் பிறகும் பன்னிரண்டு வருஷம் மோட்டார் சைக்கிளை விடவில்லை. சுங்கை கெலுபிக்காரர்கள் எந்தத் தாமான் குடியிருப்பில் குடியேறினார்களோ அந்தத் தாமானுக்கு ரொட்டி போனது. முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தார். அப்போது வயது அறுபத்தேழு.

இரண்டாயிரத்துப் பதினெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துமலை என்பவர் வீட்டுக்கு வந்தார். முதல் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ஈப்போவில் லாரி ஓட்டுகிறார். அந்த வாக்குறுதியை விடாமல் பிடித்துக்கொண்டு இருபது வருஷமாக மனுப்போட்டு அலைந்தவர் அவர்தான்.

"பாய், நல்ல சேதி" என்றார். "ஆனா அது கூடவே ஒரு தலவலியும் வந்திருக்கு."

நல்ல சேதி இது: நிலம் மறுபடி கைமாறி, புது நிறுவனம் அங்கே வீடு கட்டப்போகிறது. பழைய வாக்கை மதிக்கிறோம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தலைவலி இது: தொண்ணூற்றேழில் லயத்தில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். தோட்டத்து ஆபீஸ் காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. மனுப்போட்டவர்கள் நாற்பத்து நான்கு குடும்பம். அதில் இருபத்தாறு பேரிடம் பழைய சம்பளச் சீட்டோ, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழோ இருந்தது. பதினெட்டுப் பேரிடம் ஒன்றுமே இல்லை. அதில் ஏழெட்டுப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதே பத்துமலைக்குத் தெரியவில்லை.

"யாரெல்லாம்?" என்று கேட்டார் ஷரபுதீன்.

பத்துமலை பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். "டிரைவர் சீனியா? மகன் தஞ்சோங் மாலிம்ல கார் ஃபேக்டரிக்குப் போறான், அப்பனும் அங்கதான்... அந்தப் பெரிய கிளாஸ் கண்ணாடிக்காரம்மாவா? கமுந்திங்ல, மருமகன் வீட்ல... ரஸ்னா, கார்ல பெட்ரோல் எண்ண இருக்கா?"

"அத்தா, இது நம்ம வேலையா?" என்று கேட்டாள் ரஸ்னா. அவளுக்கு ஐம்பது வயது. சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறாள். வாரத்தில் ஒரே ஒருநாள்தான் ஓய்வு.

"நம்ம வேல இல்லம்மா. என் வேல. நீ ஓட்டு, போதும்."

ஆறு ஞாயிறு ஓட்டினாள். தஞ்சோங் மாலிமில் ஒரு அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது. மூன்று மாடி அவர் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். எங்கே போனாலும் கதவு திறந்ததும் ஒரே கூச்சல்தான்: "ரொட்டி பாய்!" ஒருவர்கூட அவரை யாரென்று கேட்கவில்லை. பேர் தெரியாத கிழவிகள் ரஸ்னாவின் தாடையைப் பிடித்து, "நீதான மருந்துக்குப் படிச்ச பொண்ணு?" என்றார்கள்.

மூன்றாவது லயத்து மாரியம்மாவைத் தாசேக் பக்கம் ஒரு வாடகை அறையில் கண்டுபிடித்தார்கள். அறுபத்தாறு வயது, ஒற்றை ஆள். மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளில் குடும்பம் அடங்கியிருந்தது. பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடியும் ஒரு காகிதம் கிடைக்கவில்லை. தேடிக் களைத்து உட்கார்ந்தபோது அவர் ரஸ்னாவிடம் சொன்னார்: "ஒனக்கு யுனிவர்சிட்டி கெடைச்ச அன்னிக்கு ஒங்கப்பா என்னா பண்ணாரு தெரியுமா? பெட்டியில இருந்த பன் எல்லாத்தையும் நாலு லயத்துக்கும் சும்மாவே குடுத்துட்டு, காலிப் பெட்டியோட பாட்டுப் பாடிக்கிட்டுப் போனாரு. நாங்க எல்லாம் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு பயந்துட்டோம்."

அன்று இரவு வீட்டில் அவர், "நல்லாப் படி" என்ற இரண்டே சொல்லைச் சொல்லிவிட்டுப் படுத்தது ரஸ்னாவுக்கு நினைவிருந்தது. திரும்பும் வழியில் அதைக் கேட்டாள்.

"வீட்டுக்கு வரும்போது தூக்கம் வந்துருச்சு" என்றார் அத்தா.

விசாரணை ஈப்போவில் ஒரு மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. மனுக்களைப் பரிசீலிக்க மூன்று பேர் குழு. தலைவர் ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட், மலாய் அம்மாள். நிறுவனத்தின் வக்கீல் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம். காகிதம் இல்லாத பதினெட்டுக் குடும்பத்துக்குச் சாட்சி என்று ஷரபுதீன் எழுந்து நின்றபோது, வக்கீல் பணிவாகத்தான் ஆரம்பித்தார். இந்தப் பெரியவர் இவர்களுக்கு நண்பர்; நண்பருக்காக யாரும் நல்லதையே சொல்வார்கள்; தவிர, இருபது வருஷத்துக்கு முன்னால் எந்த வீட்டில் யார் இருந்தார் என்று எழுபத்தாறு வயதுக்காரருக்கு எப்படி நினைவிருக்கும்?

தலைவர் அவரைப் பார்த்தார். ஷரபுதீன் அந்த அம்மாளை மரியாதையாகப் புவான் என்று விளித்து, மலாயும் தமிழுமாகக் கலந்து பேசினார். பத்துமலை இடையிடையே மொழிபெயர்த்தார்.

"ரொட்டி மறுநாள் விக்காது, புவான். எந்த வீட்டுக்கு என்னா வேணும்னு எனக்குத் தெரியலன்னா, அன்னைக்கு என் புள்ளைங்களுக்குச் சோறு இல்ல. அதான் தெரியும்."

"அப்படியானால் சொல்லுங்கள். எல்லா வீடும், வரிசையாக" என்றார் தலைவர். சொல்லிவிட்டு, பூட்டிய கோப்பு ஒன்றை வரவழைத்துத் தன் முன்னால் திறந்து வைத்துக்கொண்டார். காகிதம் உள்ள இருபத்தாறு குடும்பங்களின் வீட்டு எண்கள் அதில் இருந்தன. அதை ஷரபுதீனோ மற்றவர்களோ பார்க்க முடியாது.

ஷரபுதீன் உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இரண்டு கைகளும் முழங்காலுக்கு முன்னால் தாமாக எழும்பி, எதையோ பிடித்தன. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி என்று ரஸ்னாவுக்குத் தெரிந்தது.

"மொத லயம், கோயில் பக்கத்துக் கோடி. ஒன்னாவது வீடு, பத்துமலையோட அப்பா. பெங்காலி ரொட்டி ஒன்னு, முழுசு, வெட்டக் கூடாது. ரெண்டாவது வீடு, டிரைவர் சீனி. தேங்காய்ப்பூ பன் நாலு, புள்ளைங்க நாலு. மூணாவது வீடு காலி, கூரை ஒழுகும், ஆடு கட்டுவாங்க. நாலாவது வீட்ல ஒரு கறுப்பு நாயி, அதுக்கு ஒரு துண்டு போட்டாத்தான் எறங்க விடும்..."

அவர் அவசரப்படவில்லை. ஒரு லயம் முடிந்ததும் வண்டியைத் திருப்புவதுபோல் உடம்பை லேசாகச் சாய்த்தார். தலைவரின் பேனா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோடு போட்டது. வக்கீல் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

"மூணாவது லயம், ஏழாவது வீடு. மாரியம்மா. ரொட்டி வாங்க மாட்டாங்க. தெனமும் வெல மட்டும் கேப்பாங்க."

"பாய்!" என்று கூட்டத்திலிருந்து மாரியம்மா கத்தினார். மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார்.

"ஆனா அந்த வீட்டு வாசல்லதான் எனக்குக் குடிக்கத் தண்ணி கெடைக்கும்" என்று முடித்தார் ஷரபுதீன், கண்ணைத் திறக்காமலே.

ரஸ்னா சிரிக்கவில்லை. தன் வீட்டுக்கு வராமல் போன அந்தப் பிற்பகல்கள் எல்லாம் எங்கே போயின என்று சின்ன வயதில் அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவை ஒன்றுகூடத் தொலையாமல் இந்த மனுஷருக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த நாற்பத்தெட்டு வாசல்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமைக்குள்ளேயே நெஞ்சு நிமிர்ந்தது.

"நாலாவது லயம், ஒம்பதாவது வீடு" என்றார் அவர். அங்கே நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். "காலி."

அந்த வீட்டுக்கு மனுப்போட்டிருந்தவர் சதாசிவம், மாரியம்மாவின் தம்பி. இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வீட்டுக்கு மனு இருக்கிறதே" என்றார் வக்கீல்.

ஷரபுதீன் சதாசிவத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "சதாசிவம் நல்ல மனுசன். ஆனா தொண்ணூத்தஞ்சு தீவாளிக்கு அப்புறம் அவரு அங்க இல்ல. கமுந்திங்ல வேல கெடைச்சுப் போயிட்டாரு. வீட்ல பூட்டுதான் தொங்குச்சு."

சதாசிவம் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஷரபுதீன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சம் மூன்று வீட்டையும் சொல்லி முடித்தார்.

கார் நிறுத்தத்தில் பத்துமலை வெடித்தார். "ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும் பாய்? ஒத்த வீடுதான?"

"அந்த ஒன்ன சேத்துச் சொன்னா, மத்த நாப்பத்தி மூணும் சேத்துச் சொன்னதாயிடும் பத்துமலை."

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. பதுருன்னிசா மீன்குழம்பை இரண்டு முறை சூடாக்கினாள்.

ஆறு வாரம் கழித்து, மருந்துக்கடையில் கூட்டமாக இருந்த நேரம், பத்துமலையின் அழைப்பு வந்தது. பேச முடியாமல் அவர் அழுதுகொண்டிருந்தார். ரஸ்னா கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டினாள். அத்தா வாசலில் நாற்காலி போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தா, நாப்பத்தி மூணு வீடு! எல்லாம் குடுத்துட்டாங்க! நீங்க சொன்னதுல கோப்புல இருந்த இருபத்தி ஆறும் அப்படியே பொருந்துச்சாம். இல்லாத ஆள இல்லன்னு சொன்ன சாட்சி, இருந்த ஆள இருந்தான்னு சொன்னா நம்பத்தான் வேணும்னு அந்தம்மா எழுதியிருக்காங்க."

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். "மாரியம்மாவுக்கு?"

"கெடைச்சிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது ரஸ்னா பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கொரோனா வந்து கட்டுமானம் நின்று, மறுபடி தொடங்கி, இருபத்திரண்டில் வீடுகள் தயாராயின. சாவி கொடுக்கும் நாளில் நிறுவனத்து அதிகாரிகள் மேடையில் இருந்தார்கள். ஆனால் சாவியை ரொட்டி பாய் கையால்தான் வாங்குவோம் என்று ஜனங்கள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். இளவட்டங்கள் உறுமி மேளத்தோடு சாலை முனையிலேயே காத்திருந்தார்கள். பாத்திக் சட்டையும் சொங்கோக் தொப்பியுமாக, கைத்தடி ஊன்றி, ஷரபுதீன் மேளத்துக்குப் பின்னால் நடந்தார். எண்பது வயதில் அவர் அப்படி நிமிர்ந்து நடந்து பதுருன்னிசாவே பார்த்ததில்லை. "மாப்புள்ள ஊர்வலம் மாதிரி இருக்குலா" என்று அவள் முஸ்அப்பின் தோளில் அடித்துச் சிரித்தாள். "என் கல்யாணத்துக்குக்கூட இவரு சைக்கிள்லதான் வந்தாரு!"

எந்த வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். லயத்தில் முப்பது வருஷம் சண்டை போட்ட டிரைவர் சீனியின் பெண்சாதி பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்று மாரியம்மா எல்லாச் சாமியையும் கும்பிட்டார். சீட்டைப் பிரித்தால், சுவருக்குச் சுவர் அந்த அம்மாள்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு கட்டிக்கொண்டு அழுதார்கள். நாற்பத்து மூன்று சாவிகளையும் கொடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கையையும் பிடித்து, "எத்தனாவது வீடு?" என்று கேட்டார். புது எண்ணைச் சொன்னவர்களுக்குத் தலையாட்டினார். பழைய எண்ணைச் சொன்னவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

மாரியம்மா புது அடுப்பில் பால் காய்ச்சி, முதல் கோப்பையை அவரிடம் நீட்டினார். அதைக் குடித்துவிட்டு அவர் ரஸ்னாவைத் தேடினார்.

"கமுந்திங் போலாமா?"

"இப்பவா? நீங்க களைச்சுப் போயிருக்கீங்க அத்தா."

"களைப்பு இருக்கு. போலாம்."

தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீடு ஒன்றில் சதாசிவம் இருந்தார். விசாரணைக்குப் பிறகு நாலு வருஷமாக அவர் இவரோடு பேசவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கதவைத் திறந்தவர், கைத்தடியும் சொங்கோக்குமாக நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு பாய்."

"இருக்கட்டும்" என்றார் ஷரபுதீன்.

"போவாது அது."

"போக வேணாம்."

சதாசிவம் கதவை இன்னும் அகலத் திறந்தார். "டீ குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சமையலறையிலிருந்து டீ வந்தது. சதாசிவம் தன் கோப்பையைத் தொடாமல் பேசினார்: "காலையில அக்கா போன் பண்ணிச்சு. சாவிய மேசையில தட்டித் தட்டிச் சத்தம் கேக்க வெச்சுச்சு. எழுவது வயசுல எங்கக்கா இன்னிக்குச் சொந்த வீட்ல படுக்கப் போவுது. டீ அதுக்குத்தான். மத்தபடி கோவம் கோவந்தான்."

ஷரபுதீன் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபத்தில், மேடையில், ஊர்வலத்தில் எங்கேயும் வராத சிரிப்பு. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, சதாசிவத்தையும் அது தொற்றிக்கொண்டது.

"சீனி கூடப் போட்டு இன்னொன்னு குடுக்கச் சொல்லுங்க" என்று காலிக் கோப்பையை நீட்டினார். "என் மக டாக்டர்கிட்ட சொல்ல மாட்டா."